மொட்டை டயரும் என் வாக்குமூலமும்

மில் வேன் மல்லாங்கிணறு தாண்டிக் கவிழ்ந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்ததுமே கண் சொக்கிவிடுவோம். சீட்டு போதாமல் நடுவே ஒரு பலகை போட்டிருப்பார்கள். அதுதான் என் இடம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது.

முழித்தபோது என்மேல் யாரோ கிடந்தார்கள். வலது கால் அசையவில்லை. என்னை வெளியே இழுத்துப்போட்டது வேன் ஓட்டிய அண்ணன்தான், எங்கள் தெருக்காரர். நெற்றியில் ரத்தம் வடிய வடிய ஒவ்வொருத்தரையாக இழுத்தார். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பின்டயர் வெடித்துவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். வண்டி வேகமாகப் போனதா என்று போலீஸ்காரர் கேட்டார். தெரியாது என்றேன். வேன் ஓனர் பழம் வாங்கிக்கொண்டு வந்து, மாடு குறுக்கே வந்ததாகச் சொல்லச் சொன்னார். யாரோ வக்கீலின் ஆள் என்று ஒருவர் வெறும் பேப்பரில் கையெழுத்துக் கேட்டார். என் வீட்டுக்காரர் போடவிடவில்லை. வேன் எங்களுடையது இல்லை என்று மில்லில் ஒதுங்கிக்கொண்டார்கள். யார் பேச்சைக் கேட்பதென்றே விளங்கவில்லை.

ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அருப்புக்கோட்டை கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேட்டுப் போனோம். அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். வேன் சொந்த உபயோகத்துக்குப் பதிந்தது, கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது, அதைச் சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்கப் பார்ப்பார்கள். ஆனாலும் ஓனரை விடவேண்டியதில்லை, நாள் கடத்தாமல் வழக்குப் போடணும் என்றார். தலையாட்டினேன். பாதி புரியவில்லை. டிரைவர் கவனக்குறைவாக ஓட்டியதாக மனுவில் எழுதணும் என்றது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அண்ணன் பேரு வேண்டாமே என்றேன். அவரை விட்டுவிட்டு ஓனரை மட்டும் பிடிப்பது கஷ்டம் என்றார்.

விபத்துக்குச் சில நாள் முன்னால், டயரு மொட்டையாகிவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று அண்ணன் ஓனரிடம் போனில் கெஞ்சியதை நான் கேட்டிருந்தேன். அதைச் சொல்லட்டுமா என்று அண்ணன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"சொல்லு தாயி. ஆனா மொட்டைன்னு தெரிஞ்சும் ஏன் ஓட்டுனேன்னு என்னையக் கேப்பாகளே, அப்ப நான் என்ன சொல்ல?" என்றார் அண்ணன்.

இருந்தாலும் அந்தப் போன் பேச்சைக் கேட்டது கேட்டபடி வக்கீலம்மாவிடம் சொன்னேன். வழக்குப் பதிவாகி, அண்ணனுக்கும் சம்மன் போயிற்று. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எதிர்மனுதாரர்னு போட்டிருக்கு. அப்ப நான் ஒனக்கு எதிரியா?"

"தெரியலண்ணே" என்றேன்.

முதல் வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். நான் கம்போடு ஏறுவதைப் பார்த்து அவர் எழுந்து இடம் கொடுத்தார். கோர்ட்டில் எங்களை எதிரெதிராக நிற்கவைத்தார்கள். ஓனர் வரவில்லை. வேறு தேதி போட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.