வலைக்காரனின் வாசனை

பொன்னுசாமி நாய் பிடிக்கிறவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். அவன் மகள் சினேகாவுக்கு மட்டும் தெரியாது. 'கவர்மென்ட் வண்டி ஓட்டுகிறேன்' என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

முன்பு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஆட்குறைப்பில் அது போய், கிடைத்தது இது. வலை போட்டுப் பிடித்த நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனதும், அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த தெருவிலேயே விட்டுவிடுவார்கள். பாவ காரியம் ஒன்றுமில்லை. அது நாய்க்குத் தெரிய வேண்டுமே! வலை வீசியவனை அவை மறப்பதில்லை. சேலையூர், செம்பாக்கம் என்று எங்கே போனாலும் பைக்கைத் துரத்திக் குரைக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வருவான். ஒரு பிரயோஜனமும் இல்லை. பேய் துரத்தினால் வேப்பிலை அடிக்கலாம், நாய் துரத்தினால் என்ன செய்வது?

அதனாலேயே இந்த வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத் தெருவில் வலை வீச மாட்டார்கள். அங்கே வேறு ஆள் வருவான். பொன்னுசாமியைப் பார்த்துக் குரைக்காத நாய்கள் எங்கள் தெருவில் மட்டும்தான் இருந்தன.

அவன் மனைவி கன்னியம்மாவுக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு ஹாஸ்டலில் துப்புரவு வேலை. யாரோ ஒரு மாணவி விட்டுச்சென்ற கதைப் புத்தகங்களை மகளுக்குக் கொண்டுவந்தாள். காட்டில் வாழும் நாய்க்கூட்டத்தின் சாகசக் கதை, நாலு பாகம். அதோடு சினேகா தொலைந்தாள். சோறு ஆறிப்போகும், கூப்பிட்டால் காதில் விழாது. தெரு நாய்களுக்கெல்லாம் கதையிலிருந்து பெயர் வைத்தாள். அவள் காலடியிலேயே கிடக்கும் சாம்பல் நிற நாய்க்குக் கூட்டத்தலைவனின் பெயர், சாம்பல்.

அந்தக் கதையில் ஒரு வலைக்காரன் வருவான். அவன் முகத்தை எந்த நாயும் பார்த்ததில்லை. வாசனை மட்டும் தெரியும்.

"மனுசங்க கதைல யாரு வேணா பொய் சொல்லித் தப்பிச்சிடலாம்பா. இதுல முடியாது. மோந்தே கண்டுபுடிச்சிடும். அதான் எனக்கு இந்தக் கதைன்னா உசுரு" என்றாள் ஒருநாள்.

பொன்னுசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏம்பா, வெளிய போனா உன்னப் பாத்து மட்டும் எல்லா நாயும் குலைக்குது?"

"பைக் சத்தம்மா. சைலன்சர் பேஜாரா கீது."

புதிதாக வந்த அபார்ட்மென்ட்காரர்களுக்கு எங்கள் நாய்கள் கண்ணை உறுத்தின. புகார் போனது. வர வேண்டிய ஆள் லீவு. "நீயே போய்யா" என்றார் சூப்பர்வைசர். சினேகா பள்ளியில் இருந்த நேரம் பார்த்து வந்தான். தெரிந்த ஆள்தானே என்று சாம்பல் வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே கிட்டே வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் வலையைப் போட்டான்.

சாயங்காலம் அவள் தெருத்தெருவாகத் தேடினாள். "வந்துடும்மா, நாலஞ்சு நாள்ல வந்துடும்" என்றான்.

"உனக்கு எப்டிப்பா தெரியும்?"

அவன் துணியை எடுத்துக்கொண்டு பைக்கைத் துடைக்கப் போனான்.

அன்றிலிருந்து எங்கள் தெரு நாய்களும் அவனைப் பார்த்துக் குரைத்தன. முனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். அப்போதும் குரைத்தன. சினேகா மாடிப்படியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி சாம்பலைக் கொண்டுவந்து விட்டார்கள். அவள் அதைக் கட்டிக்கொண்டு, வெட்டிய காதைத் தடவிக்கொண்டிருந்தபோது பொன்னுசாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சாம்பல் குரைக்கக்கூட இல்லை. வாலைக் காலுக்கிடையில் இடுக்கி, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நடுங்கியது.

சினேகா எழுந்து அப்பாவிடம் வந்தாள். சட்டையில் மூக்கை வைத்து மோந்தாள். பாவி மனுஷன், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"எனக்கு சோப்பு வாசனதான்பா வருது" என்றாள். "அதுக்கு வேற வருது."

திரும்பிப் போய், அவனுக்கும் நாய்க்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.