உரத்தொட்டியில் என் பைகள்

எங்கள் அப்பார்ட்மெண்டில் குப்பையைப் பிரிக்கத் தொடங்கிய பிறகுதான் என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினார். அதற்கு முன்னால் எங்கள் எல்லா வீட்டுக் குப்பையையும் ஒன்றாக வாரிக்கொண்டு போகும் டிராக்டர்காரர், பின்னால் இருக்கும் காலி சைட்டில் கொட்டித் தீ வைத்துவிடுவார். நாங்கள் கீழ்த்தளம். எங்கள் ஜன்னலுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சலவைப்பட்டறையில் பிளீச்சிங் நெடிக்குள்ளேயே வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போன மனிதர் அவர். புகை வந்தால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். மூச்சு உள்ளே போகிறதா என்று அவர் முதுகில் கை வைத்துக்கொண்டே நான் நிற்பேன்.

அதனால் சங்கத்தில் உரத்தொட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவள் நான். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறைகளில் ஓட்டை போட்டு மூலையில் நிறுத்தினார்கள். மக்கும் குப்பை அதற்குள். பேப்பர், பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் பழைய சாமான் எடுப்பவருக்கு. எரிப்பதற்கென்று ஒன்றும் மிஞ்சாது.

ஒரு தொந்தரவு இருந்தது. பிளாஸ்டிக் கவரில் கட்டக்கூடாது என்றதால் ஆளாளுக்கு வாளியில் தூக்கி வந்தார்கள். லிஃப்டெல்லாம் ரசமும் மோருமாகச் சிந்தியது. இனிமேல் கவரில்தான் போடுவேன் என்று முதல் மாடி அம்மாள் சண்டைக்கு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பனியன் துணியில நான் பை தெச்சுத் தர்றனுங்க. கட்டி அப்படியே தொட்டிக்குள்ள போட்டுருங்க. காட்டன்தானுங்க, குப்பையோட சேந்து அதுவும் மக்கிப்போகும்" என்றேன்.

மகன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் கம்பெனியிலிருந்து வெட்டி மிஞ்சிய துணி ஒரு மூட்டை வந்தது. வீட்டு மெஷினில் பை பையாகத் தைத்தேன். செக்கிங் டேபிளில் நின்றே ஆயுசு கழிந்தவள் நான். என் பெயரை எழுதும்போது எழுத்து கோணும். ஆனால் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் என்ன நூல், என்ன கனம் என்று சொல்லிவிடுவேன். அந்தத் துணி பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. பெருமையாகத்தான் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் தொட்டி நாறியது. புதுத் தொட்டி அப்படித்தான் இருக்கும் என்றேன். பிறகு அடியில் கறுப்பாகத் தண்ணீர் வடிந்து, ஈ மொய்த்தது. தொட்டி வைத்தவர், உள்ளே கை விட்டால் சுட வேண்டும், சுட்டால்தான் மக்குகிறது என்று அர்த்தம் என்று சொல்லியிருந்தார். நான் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

சங்கத்துச் செக்ரட்டரி வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, ஞாயித்துக்கிழம மீட்டிங் வெச்சிருக்கறனுங்க. நாத்தம் தாங்கலீங்க. தொட்டிய மூடிட்டுப் பழையபடி டிராக்டர்லயே போட்டரலாங்கறாங்க."

"அந்த டிராக்டரு எங்க கொண்டுபோய்க் கொட்டும்னு உங்களுக்குத் தெரியுமுங்கள்ல?"

"தெரியுமுங்க. அல்லாரும் கேட்டா நான் என்ன பண்றதுங்க?"

உள்ளே ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பவே சாத்திப் பழகிக்கறேன் புள்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். கிளறினால் ஒரு பை வந்தது. போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. சாயம்கூட வெளுக்கவில்லை. அமுக்கினால் உள்ளே கொழகொழவென்று அழுகல். காற்றே போகாமல் எல்லாம் பைக்குள்ளேயே கிடந்து ஊறியிருக்கிறது.

முதல் மாடி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னுங்கக்கா, தொவச்சு மறுபடியும் எங்களுக்கே தரப்போறீங்களா?"

பருத்தியென்றால் இந்நேரம் இற்றுப்போயிருக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்து, தைக்காமல் கிடந்த துணியிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். எங்கள் ஊரில் துணியில் சந்தேகம் வந்தால் எல்லோரும் செய்வதுதான். பருத்தி நூல் காகிதம்போல எரிந்து, ஊதினால் சாம்பலாகப் பறக்கும். இது சுருண்டு உருகிக் கடுகு மாதிரிக் கறுப்பாய் உருண்டு நின்றது. நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை.

மகனை எழுப்பினேன்.

"எங்க கம்பெனில காட்டன் ஓடி எத்தன காலமாச்சும்மா? இது பாலியஸ்டர். வெளையாடறவங்க போடற டீசர்ட்டுக்கு. தொட்டாக் காட்டனாட்டவே இருக்கோணும்னுதான் ஃபினிஷிங் குடுக்கறாங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"நீ கேட்டியா? துணியப் பத்தி உங்கிட்ட எவனாச்சும் வாயத் தொறக்க முடியுமா?"

மீட்டிங்குக்குத் துணியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். பார்க்கிங்கில் எல்லோர் முன்னாலும் நூலைக் கொளுத்திக் காட்டினேன். முதல் குச்சி காற்றில் அணைந்துவிட்டது.

"தொட்டி மேல கொற இல்லீங்க, பை மேலதான். அதெல்லாத்தையும் வெளிய எடுத்து அவுத்துக் கொட்டிப் பாக்கலாமுங்க. அப்பவும் நாறுனா மூடிக்குங்க" என்றேன்.

செக்ரட்டரி எல்லோர் முகத்தையும் பார்த்தார். "அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பமுங்க. அதுக்குள்ள சூடு வரலீன்னா..."

அவிழ்க்க உட்கார்ந்தேன். முதல் மாடி அம்மாளும் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்தார். "முடிச்சுப் போடறதையும் நீங்கதானுங்கக்கா சொல்லிக் குடுத்தீங்க, சீமைல இல்லாத முடிச்சு!" என்று திட்டிக்கொண்டே வெட்டினார். ஈரத்தை உறிஞ்சத் தென்னை நார்த்தூள் தூவி, மக்குவதற்குப் புளித்த மோர் தெளித்தோம். துணியைத் தனியாக அலசிக் காயவைத்து, பழைய சாமான்காரருக்குப் போட்டோம். மூடி போட்ட வாளியில்தான் இனிமேல் கொண்டு வருவது என்று ஆயிற்று.

அந்த வாரம் முழுக்க வெயில் ஏறுவதற்கு முன்பே போய்க் கை விட்டுப் பார்த்தேன். வெயில் பட்டால் அது எந்தச் சூடு என்று தெரியாது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே இருந்தது. ஒரு நாள் லேசாக ஏதோ தெரிந்தது. என் உள்ளங்கைச் சூடாக இருக்குமோ என்று அடுத்த கையை விட்டேன். என் விரலை நம்ப முடியவில்லை. வீட்டுக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் நின்று நின்று நடந்து வந்து, கையை உள்ளே விட்டு வெகுநேரம் வைத்திருந்தார்.

"வெதுவெதுங்குது புள்ள."

எனக்காகச் சொல்கிறாரோ என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி வந்து தானே கை விட்டுப் பார்த்து, சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். "மீட்டிங் வேண்டாமுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டது. அவர் மறுபடி திறந்து வைத்திருந்த ஜன்னலைச் சாத்த ஓடினேன்.

"உடு புள்ள, இருக்கட்டும்" என்றார், படுத்தபடியே.

வண்டி எங்கள் கேட்டில் நிற்காமல் போனது. தெருமுனை தாண்டிச் சத்தம் அடங்கும்வரை நான் கொக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.