ஹஃபீத் மலையடியில் ஆளில்லாத கல்லறைகள்

அமீரகத்தின் அல் ஐன் ஊரைத் தாண்டி, ஹஃபீத் மலையடியில் டாக்சி நிற்கிறது. மணல்மேட்டில் கற்களைக் கவிழ்த்த கூடைபோல் குவித்து அடுக்கியிருக்கிறார்கள். எல்லாம் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறைகள். குனிந்து ஒன்றினுள் பார்க்கிறேன். மணலும் நசுங்கிய குளிர்பான டப்பாவும்தான் இருக்கின்றன.

"உள்ள யாருமில்லையா சார்?" என்கிறார் டிரைவர் மாரியப்பன். சிவகங்கைக்காரர்.

"இல்லை. கல்லறைக்குக் கிரேக்க மொழியில் 'தாஃபோஸ்' என்று பெயர். அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் கல்லறை வாசகம் 'எபிடாஃப்' ஆனது, ஆளில்லாத கல்லறை 'செனடாஃப்' ஆனது."

"அப்ப ஊர்ல எனக்கும் ஒரு செனடாஃப் இருக்கு சார்!"

போன லீவில் தனக்கே சமாதி கட்டிவிட்டு வந்திருக்கிறார், கிரானைட்டில் பெயர் வெட்டி. ரூமில் கூட இருந்தவர் இறந்து பெட்டியில் ஊர் போனபோது, எங்கே புதைப்பது என்று பங்காளிகள் அடித்துக்கொண்டார்களாம். தன் வீட்டில் அது நடக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அன்றிலிருந்து மனைவி பேசுவதில்லை. போனை எடுத்ததும் மகளிடம் கொடுத்துவிடுகிறார்.

இப்போது மாரியப்பன் ஸ்பீக்கரில் போட்டு அவரை அழைக்கிறார். "மகாகிட்ட குடுத்துராத புள்ள. ஆளில்லாத சமாதிக்கு இங்கிலீஷ்லயே தனியா பேரு இருக்காம். சார் சொல்றாரு."



"இருந்துட்டுப் போகட்டும். அது ஆளில்லாமலே கெடக்கட்டும்," என்கிறது மனைவியின் குரல். பிறகு, "சாப்பிட்டீகளா?"

"ம், சாப்பிட்டேன் புள்ள."

மணி மூன்று. நாங்கள் இருவருமே இன்னும் சாப்பிடவில்லை.