நோன்புக்குத் துலக்கிய நாணயங்கள்

புனேயிலிருந்து வேலைக்கான கடிதம் வந்த அன்று அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அந்தக் காசையெல்லாம் வித்து எனக்கு ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டிட்டு நீ எங்க வேணா போ. மௌலா அலி வீட்டுப் பின்ரூம்ல போய் நான் உக்கார மாட்டேன்."

மௌலா அலி பேட்டையில் இருக்கும் அந்த வீடு தாத்தா கட்டியது. பாகம் பிரித்தபோது சித்தப்பா வீட்டை எடுத்துக்கொண்டார். தாத்தா சேர்த்த பழைய நாணயங்கள் இருந்த பிஸ்கட் டின்னை அப்பா எடுத்துக்கொண்டார். ஒருநாள் இது அந்த வீட்டையே வாங்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நாங்கள் குகட்பள்ளியில் இருபது வருடம் வாடகைக்கு இருந்தோம். அப்பா போன பிறகு டின் எனக்கு வந்தது. சித்தப்பா விசேஷங்களில் பார்த்தால், "அண்ணி, நீங்க லட்சாதிபதி. நாங்கதான் வருஷா வருஷம் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சே அழியறோம்" என்பார். அம்மா பதிலுக்குச் சிரிப்பாள். நான் ஊரை விட்டுப் போனால் அவள் தனியாக இருக்கக் கூடாது என்று பின்ரூமை ஒழித்துத் தருவதாகச் சொன்னவரும் அவர்தான். புனேக்கு வருகிறாயா என்று நான் அம்மாவைக் கேட்டதற்கு, அங்கே பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலைக் கடிதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் இருந்தது. நாணயங்களைப் பட்டியல் போட்டேன். எந்த ஆட்சி, எந்த ஆண்டு, என்ன உலோகம், எடை, விட்டம். வெள்ளி ரூபாய் முப்பத்தொன்று. சார்மினார் பொறித்த நிஜாம் காசுகள், ராஜா தலை போட்டவை, ஓட்டைக் காசுகள். கடைசிப் பத்தியில் 'நிலை' என்று எழுதி, கீழே வரிசையாக 'மிக நன்று' என்று நிரப்பினேன். எல்லாம் நேற்று அச்சடித்தது போல மின்னின.

மின்னாமல் எப்படி இருக்கும்? ஒவ்வொரு வருடமும் வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள் அம்மாவும் நானும் அவற்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். கலசத்தைச் சுற்றி வட்டமாக அடுக்குவோம். தாம்பூலம் வாங்க வரும் தெலுங்குக்காரப் பக்கத்து வீட்டம்மா, "அப்பப்பா, எந்த மெருஸ்துன்னாயோ!" என்று, என்னமாய் மின்னுகின்றன என வியந்து கன்னத்தில் கை வைப்பார். அந்த மினுக்கைப் பார்த்துச் சொல்வதற்காகவே அம்மா அவருக்கு இரண்டு வாழைப்பழம் கூடுதலாக வைப்பாள்.

சனிக்கிழமை செகந்திராபாத்தில் பழைய நாணயம் வாங்கும் ஒரு பெரியவரின் கடைக்குப் போனேன். என் பட்டியலை வாங்கி ஓரமாக வைத்தார். மூன்று நாணயங்களைத் தனியே எடுத்து, கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கைக்கு தோயே, பேட்டி?"

ஏன் கழுவினாய், மகளே என்கிறார். பூஜைக்கு என்றேன். எத்தனை தடவை என்று கேட்டார். நான் மனதில் எண்ணத் தொடங்கியதைப் பார்த்துக் வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"நக்கோ, நக்கோ."

பிறகு பொறுமையாக விளக்கினார். வெள்ளியின் மேல் வருடக்கணக்கில் படியும் கறுப்புதான் அதன் தோல். சேகரிப்பவன் அந்தத் தோலுக்குத்தான் விலை கொடுப்பான். தேய்த்ததில் எழுத்தின் விளிம்புகளும் மழுங்கிவிட்டன. இந்த மூன்று மட்டும் கறுப்பாகவே கிடந்திருந்தால் ஒரு சிறிய வீட்டுக்கு முன்பணம் தேறியிருக்கும். இப்போது மொத்தத்தையும் வெள்ளி எடைக்குத்தான் எடுத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாத வாடகை.

இயந்திர பாகங்களின் மேற்பரப்பைச் சோதிப்பதுதான் என் வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறலுக்காக ஒரு முழுப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருந்தும் இது தோன்றவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்கு இருந்த வழிகளை வரிசைப்படுத்தினேன். விலையைச் சொன்னால் காரணத்தைக் கேட்பாள். காரணத்தைச் சொன்னால், அப்பா விட்டுப்போனதைத் தன் கையாலேயே தேய்த்து அழித்ததாக அம்மா மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள். என் சேமிப்பு முன்பணத்தில் கால்வாசிக்கும் வராது. மூன்றாவது வழி ஒன்று கிடைப்பதற்குள் குகட்பள்ளி வந்துவிட்டது.

கதவைத் திறந்ததும் அம்மா கேட்டாள்.

"இன்னாடி சொன்னாரு? தேறுமா?"

"ஹவ்மா, தேறும். நல்ல காசுங்களாம். ஆனா இப்ப விக்காதீங்க, வச்சிருந்தா விலை ஏறும்னாரு."

ஆறு மாதமோ ஒரு வருடமோ கிடைக்கும், அதற்குள் வேறு ஏதாவது செய்யலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்த விதத்தை நான் அப்பா இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

"நான் சொல்லல? உங்கப்பாவுக்குத் தெரியும்டி." உடனே சித்தப்பாவுக்கு போன் போட்டாள். "பின்ரூம்லாம் ஒழிக்க வேணாம் தம்பி. சாமானை அங்கயே வைங்க. ராஜா வீட்டுச் சொத்தாம் எங்களுது, கடைக்காரரே விக்காதேன்னுட்டாரு." மறுமுனையில் சித்தப்பா ஏதோ சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விக்கவே வேணாம். இவ்ளோ நாள் காத்ததை அவசரப்பட்டு யாராவது தொலைப்பாங்களா? வீடு எங்க ஓடிடப் போவுது? நீ கூட இருக்கறப்ப எனக்கு எதுக்கு வேற வீடு?"

"புனேம்மா..." என்றேன்.

"விலை ஏறட்டும், அப்புறம் போ. நீதானே சொன்ன?"

திங்கட்கிழமை காலை அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து 'ஏற்கவில்லை' என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டுக் கீழே ஆறு விடைகள் விரிந்தன. ஆறையும் இரண்டு முறை படித்தேன். எதுவும் பொருந்தாததால் 'சம்பளம் போதவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன்.