சாப்பிட்டுவிட்டு வந்த அம்மா

சாப்பிட மறுக்கும் பெண்களுக்கான எங்கள் வார்டில் வாரம் இரண்டு நாள் மசாஜும் உண்டு. பெரிய டாக்டர் அதற்குத் துணை சிகிச்சை என்று பெயர் வைத்து, அழுக்குப் போர்வை போடும் அறையைப் பெருந்தன்மையோடு ஒதுக்கிக் கொடுத்தார்.

மசாஜ் அக்கா பதினான்கு வருடம் அழகு நிலையத்தில் இருந்தவர். வருகிறவர்களிடமெல்லாம் "இளைச்சுட்டீங்களே!" என்று சொல்லியே பிழைத்தவர். இங்கே முதல் விதியே, யாருடைய உடம்பைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்பதுதான். பாவம், மழை வருமா வராதா என்றே பேசி மாய்ந்தார். அவர் வாயைக் கண்காணிக்கும் மகத்தான பொறுப்பு நர்ஸான எனக்கு.

இரண்டாம் கட்டிலில் ஒரு கல்லூரிப் பெண். யாரையும் கிட்டே விடமாட்டாள். அக்கா உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் தேய்த்து, மூன்றாவது வாரம்தான் தோளுக்கு வந்தார். அன்றைக்கு அவள் அரைக் கிண்ணம் சூப் குடித்தாள். டாக்டர் தன் புது மாத்திரையைப் பாராட்டிக்கொண்டார்.

அவள் அம்மா சாப்பாட்டு வேளைக்கு டாண் என்று வந்துவிடுவார். "ஒரு வாய், கண்ணு, அம்மாவுக்காக!" என்று கெஞ்சுவார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "நான் வீட்டுலயே சாப்பிட்டுட்டு வந்துட்டேன்" என்பார். வெள்ளிக்கிழமை மகளை அவரோடு அனுப்புவதாக இருந்தது. வீட்டிலும் தேய்த்துவிட வேண்டுமே! எவ்வளவு அழுத்துவது என்று அம்மா தானே உணர்ந்து பழகட்டும் என்று, வியாழனன்று மகள் பார்த்திருக்க அம்மாவையே மேசையில் படுக்க வைத்தோம்.

தோளில் கை வைத்த அக்கா, வெறும் எலும்பு தட்டுப்பட, அப்படியே நின்றுவிட்டார். மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

"எத்தனை வருஷமாம்மா?" என்றார் மெதுவாக.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்தே. அவளுக்குத் தெரியாது."

"தெரியும்மா" என்றாள் மகள். "நீ தட்டைக் கொண்டுபோய்க் கொட்டுறதப் பாத்துத்தானே நானும் கத்துக்கிட்டேன்."

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆறு வாரம் மகளைக் கிராம் கிராமாக எடை போட்டேன். பக்கத்தில் தொளதொளவென்று கோட்டு போட்டு நின்றவரை ஒருநாளும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும் பெரிய டாக்டர், ஆரம்பத்திலேயே தனக்குச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். இருக்காதா பின்னே!

வெள்ளிக்கிழமை காலை அம்மா பெட்டியோடு வந்தார். மகளின் உடைகளை அடுக்கத்தான் என்று நினைத்தேன். திறந்தால் அவருடைய உடைகள்.

"இவ பக்கத்துலயே எனக்கும் ஒரு கட்டில் போடுங்க" என்றார். "நான் இன்னும் சாப்பிடல."