புதர்க்காட்டில் வகுப்பெடுத்த ஸ்டெல்லா

"ஸ்டெல்லா மேடம் போய்ட்டாங்க" என்று அவள் கல்லூரி குமார் சார் போனில் சொன்னபோது, "எங்க போய்ட்டாங்க?" என்றுதான் கேட்டேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது...

இன்று காலை திண்டிவனத்தில், காலேஜ் பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். ஹார்ட் அட்டாக்.

ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தலைவலி என்று அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என்னோடு பேசினாள். சனிக்கிழமை அவர்கள் காம்பஸில் சுற்றுச்சூழல் நிகழ்ச்சி. "வாணி, விழுப்புரத்துலேர்ந்து வர்றப்ப உங்க காலேஜ் மைக்க எடுத்துக்கினு வாடி. எங்க மைக்கு பேசறத விட இருமறதுதான் ஜாஸ்தி" என்றாள். சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டெல்லா, திண்டிவனம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஜியாகிரபி டீச்சர். நான் விழுப்புரத்துக்கு மாறும்வரை அதே கல்லூரியில் பாட்டனி. ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சுற்றுச்சூழல் மன்றத்தை இரண்டு பேரும் சேர்ந்து நடத்தினோம். நடத்தினோம் என்றால்... அவள் முன்னால் ஓடுவாள், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன்.

ஒருமுறை கழுவெளி ஏரிக்குப் பறவை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். பிரம்மதேசம் தாண்டியதும் பஸ் பஞ்சர். அவித்த மல்லாட்டைக் கடலை வாங்கித் தின்றுகொண்டு ரோட்டோரம் காத்திருந்து, ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தவுடன் கத்தினாள். "தோ பாருங்கடா, பூநாரை! ஒத்தையா நிக்குது!"

எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தோம். மீன் வலைக் கம்பில் மாட்டியிருந்த வெள்ளைச் சாக்குப் பை.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களை விட அதிகமாகச் சிரித்தது அவள்தான். பறவைகளில் காக்காயைத் தவிர எதையும் அவள் சரியாகச் சொன்னதில்லை. கடல் தண்ணீர் எதுவரை ஏறி வருகிறது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று சேற்றில் இறங்கி, முழங்கால்வரை புதைந்து, பிள்ளைகள் கையைக் கோத்து இழுத்துதான் வெளியே வந்தாள். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஜேசிபி நாள்.

கல்லூரிக்குப் பின்னால் பாறையும் புதருமாக ஓர் இடம். காரைச் செடி, சூரை முள், கள்ளி. கௌதாரி கத்தும். அதை வழித்து எடுத்துவிட்டு அங்கே மரக்கன்று நடும் விழா வைப்பதாக நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. எங்களுக்கு அன்று காலையில்தான் தெரியும்.

"இனிமே இன்னா பண்ண முடியும் ஸ்டெல்லா" என்றேன்.

அவள் நேராக வகுப்புக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் செகண்ட் இயர் பிள்ளைகள் மொத்தமும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். புதர்க்காட்டின் நடுவே சேர்களைப் போட்டு, பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

ஜேசிபி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "மேடம், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? எனக்கு வேல கீது."

"எனக்கும் வேலதான்ணா. கிளாஸ் முடிஞ்சதும் வாங்க."

மணி அடித்தது. கிளாஸ் முடியவில்லை. அடுத்த பீரியட் என்னுடையது. என் பிள்ளைகளையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பிரின்சிபால் வேர்க்க வேர்க்க வந்தார். "சுற்றுச்சூழல் மன்றம்னு பேர வச்சிக்கினு மரம் நடறத தடுக்குறீங்களே மேடம்?"

"நட வேணாம்னு சொல்லல சார். கிரவுண்டு ஓரம் காலியாதானே கீது, அங்க நடுங்க. உசுரோட இருக்கிறத அழிச்சிட்டு இன்னாத்துக்கு சார் நடணும்?"

குரல் கெட்டியாக இருந்தது. இத்தனைக்கும் அவள் அப்போது தற்காலிக ஆசிரியை. நிர்வாகம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பாதி இடம் தப்பித்தது. மீதிப் பாதியில் மறுநாள் ஜேசிபி இறங்கியது. வேலை போகவில்லை, ஆனால் மன்றத்தை அவளிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, முதல் ஆளாகக் கை தட்டுவாள்.

இந்த வருஷம்தான் மன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை அந்தப் புதர்க்காட்டிலேயே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டப் போகிறாள் என்று ஏற்பாடு. காலையில் போனில் அவ்வளவு குதூகலம் அதனால்தான்...

மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கப் பிள்ளைகள். அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் "வாங்க, வாங்க" என்று விசேஷத்துக்கு அழைப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் மனசில் ஏறவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும்தான்.

மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஸ்பெஷல் கிளாஸுக்காக விடியும்போதே கிளம்பிப் போயிருந்தவள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, காலைல அம்மா உங்ககிட்டதான பேசினாங்க... சாப்ட்டாங்களாமா? எதுனா சொன்னாங்களா?"

நாங்கள் மைக்கைப் பற்றித்தான் பேசினோம். நான் கேட்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

நாளை காலை சர்ச்சில் பூசை முடிந்து அடக்கம். பழைய மாணவர்கள் முடிந்தவர்கள் வாருங்கள்.

போய்ட்டு வா ஸ்டெல்லா.