சொன்னதைச் சொன்னபடியே

யாழ்ப்பாணக் கரையோரத்தில் நண்டு பதனிட்டு ஏற்றுமதி செய்யும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில் நிஷானி நிர்வாக அலுவலர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. டென்மார்க்கிலிருந்து மார்ட்டின் முகாமையாளராக வந்தபோது, அவருக்குத் துணையாக இருக்கும்படி அவளிடம்தான் சொன்னார்கள்.

துணை என்றால் எல்லாம்தான். வீடு பார்த்துக் கொடுத்தாள். விசாவுக்காகக் கொழும்புக்கு அலைந்தாள். டெங்கு வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனாள். ஆனால் உண்மையான வேலை மொழிபெயர்ப்பில் இருந்தது. குருநகர் மீனவர்களோடு பேசும்போது "இந்தச் சோம்பேறிகளிடம் சொல்" என்றுதான் மார்ட்டின் தொடங்குவார். நிஷானி தமிழில், "உங்கடை கஷ்டம் தனக்கு விளங்குது எண்டு சொல்லுறார். நண்டைக் கெதியாய் ஐசிலை போட்டால் நல்லதாம்" என்பாள். மீனவர்கள் தலையாட்டுவார்கள். தன் அதட்டல் பலித்துவிட்டதென்று மார்ட்டின் நினைத்துக்கொள்வார்.

பிறகு உதவி முகாமையாளர் பதவி ஒன்று வந்தது. நிஷானி விண்ணப்பித்தாள். தலைமையகத்தோடு நடந்த வீடியோக் கூட்டத்தில், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மார்ட்டின் சொன்னார்: "நல்ல பெண். ஆனால் மீனவர்களைச் சமாளிப்பது நான். இவள் என் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்பவள், அவ்வளவுதான்."

பதவி கொழும்புக்காரர் ஒருவருக்குப் போனது.

"அழாதையடி" என்றாள் அக்கா தனுசியா.

"ஆர் அழுதது? இனி அவரின்ரை வார்த்தையைத் திருப்பி மட்டும் சொல்லப்போறன். பாத்துக்கொண்டிரு."

அடுத்த கூட்டம் குருநகரில், மீனவர் சங்க மண்டபத்தில் நடந்தது. நண்டு விலையைக் கூட்டும்படி மீனவர்கள் கேட்டார்கள். மார்ட்டின் நாற்காலியில் சாய்ந்தபடி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நிஷானி எழுந்து நின்றாள்.

"தாங்கள் இல்லாட்டி நீங்கள் பிச்சைதான் எடுப்பியளாம். தாறதை வாங்கிக்கொண்டு வாயை மூடட்டாம்."

சங்கத் தலைவர் செல்வத்துரை அவளையே பார்த்தார்.

"பிள்ளை, உவர் உப்பிடியே சொன்னவர்?"

"ஓம் அண்ணை. ஒரு சொல்லும் நான் கூட்டேல்லை."

"அப்ப முந்தி வந்த நேரமெல்லாம்?"

"அப்பவும் உப்பிடித்தான். நான்தான் மாத்திச் சொன்னனான்."

மார்ட்டின் சிரித்த முகத்தோடு எழுந்து, வழக்கம்போலக் கையை நீட்டினார். ஒருவரும் அதைத் தொடவில்லை. செல்வத்துரை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியேற, மற்றவர்கள் பின்னால் போனார்கள். நீட்டிய கையோடு நின்றவரைப் பார்த்தபோது நிஷானிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாளிலிருந்து குருநகர் நண்டு வேறு வியாபாரியிடம் போனது. தொழிற்சாலை மேசைகள் வெறுமையாகின. நண்டுச் சதை பிரிக்கும் பெண்களைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருத்தியான தங்கமுத்து வாசலில் அவளை மறித்தாள்.

"உம்மடை கோவம் சரிதான் தங்கச்சி. ஆனால் உலை வைக்காமல் இருக்கிறது நாங்களெல்லோ?"

அது மட்டும் நிஷானிக்குச் சுட்டது. ஆனாலும் அவள் இறங்கிப்போகவில்லை.

"வழக்கம்போல ஏன் சமாளிக்கவில்லை?" என்று மார்ட்டின் கத்தினார்.

"சமாளிப்பது நீங்கள் அல்லவா? நான் திருப்பிச் சொல்பவள்தானே" என்று அவருடைய ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

தலைமையகம் விசாரித்தது. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மார்ட்டினைத் திருப்பி அழைத்தார்கள். அவர் போவது உறுதியான பிறகுதான் அவள் குருநகருக்குப் போய்ச் செல்வத்துரையோடு கதைத்தாள். தலைமையகம் ஒப்புக்கொண்ட புதிய விலைக்குப் படகுகள் திரும்பி வந்தன. தங்கமுத்துவும் மேசைக்குத் திரும்பினாள். கொழும்புக்காரர் தன் பதவியில் அப்படியே இருந்தார். அந்த அநியாயம் இன்னும் தீரவில்லை.

புறப்படும் நாளன்று மார்ட்டின் அவள் மேசைக்கு வந்து, பெட்டிகளை ஏற்ற வான்காரனோடு பேசித்தர முடியுமா என்று கேட்டார். அவர் குரல் தாழ்ந்திருந்ததை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"எனக்கு வேலை இருக்கிறது" என்றாள்.

வெளியே வெயிலில் நின்று, வான்காரனுக்குக் கையால் சைகை காட்டி மன்றாடிக்கொண்டிருந்தார் மார்ட்டின். நிஷானி யன்னலோரம் தேத்தண்ணியோடு நின்று, வான் புறப்படும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.